குதிகால் முதலில்

நான் இங்கிலாந்தின் வடக்கே உள்ள பிரஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தது 2008 செப்டம்பரில். திருச்சியில் ஏழு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள், இங்கே வந்த நாளிலிருந்து வேலையும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. கணவருக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. நவம்பர் பிறந்ததும் மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அவர் கிளம்பிப் போனபின் விடியும்வரை வீட்டில் கடிகாரமும் நானும்தான். தொலைக்காட்சி பார்ப்பதற்கு ஆண்டுக்கு 139 பவுண்டு 50 பென்ஸ் உரிமக் கட்டணம் என்று கடிதம் வந்தது. ஊர்ப் பணத்துக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துவிட்டு, பெட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பக்கத்து வீட்டில் அறுபத்தெட்டு வயது அம்மையார் தனியாக இருந்தார். கணவரை இழந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பார்த்த முதல் நாளே என்னை ‘லவ்’ என்று அழைத்தார். இந்தப் பக்கத்தில் கடைக்காரர், பஸ் ஓட்டுநர் எல்லோருமே அப்படித்தான் அழைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது; ஊரை விட்டு வந்தபின் யாரோ ஒருவர் உரிமையோடு அழைத்தது அதுதான் முதல்முறை. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ‘ஆன்ட்டி’ என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை கதவைத் தட்டி, “தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய்? ‘ஸ்ட்ரிக்ட்லி’ ஆரம்பிக்கப் போகிறது, வா” என்றார்.

பிபிசி 2004 மே மாதம் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ அது. நடிகர், விளையாட்டு வீரர், செய்தியாளர் என்று ஊரறிந்த ஒருவரை ஒரு தொழில்முறை நடனக் கலைஞரோடு ஜோடி சேர்ப்பார்கள். வாரம் ஒரு நடனம்: வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ, சா சா சா, ஜைவ் என்று மாறிக்கொண்டே இருக்கும். நடுவர்கள் நால்வர், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது மதிப்பெண். நடுவர் வரிசையையும் மக்கள் வாக்கு வரிசையையும் கூட்டி, கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்களை மறுபடி ஆடவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

சிறுமியாக இருந்தபோது ஆறு ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றவள் நான். அரைமண்டியில் முழங்கால் சற்று உயர்ந்தாலும் தட்டுக்கழியைத் தரையில் ஓங்கி அடித்து நிறுத்திவிடும் ஆசிரியையிடம் கற்றேன். அந்தக் கண்ணோடுதான் ஆன்ட்டி வீட்டுச் சோபாவில் அமர்ந்தேன். எனக்கு வாய்த்ததோ ஜான் சார்ஜென்ட்டின் ஆண்டு.

அவர் பிபிசியிலும் ஐடிஎன் செய்தி நிறுவனத்திலும் அரசியல் செய்தியாளராகப் பெயர் பெற்றவர். அப்போது அறுபத்து நான்கு வயது, கனத்த உடம்பு. பாசோ டோப்லே என்பது காளைச் சண்டை வீரனின் நிமிர்வோடு ஆட வேண்டிய நடனம். அதில் அவர் தன் ஜோடி கிறிஸ்டினா ரிஹானோஃபைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். நடுவர்கள் வாரந்தோறும் அவரை அடிமட்டத்தில் வைத்தார்கள். மக்கள் வாரந்தோறும் தூக்கிவிட்டார்கள். அவரைவிட எவ்வளவோ நன்றாக ஆடியவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. யார் இவருக்கு வாக்களிப்பது என்று கேட்டேன்.

“நான்தான், லவ்” என்றார் ஆன்ட்டி.

அன்று அவரோடு வாதாடியது இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாக் கரகாட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தலையில் கரகம் அசையாமல் ஒருத்தி ஆடுவாள். நடுவே கோமாளி வந்து ஊரையே சிரிக்க வைப்பான். அவனுக்கும் ரூபாய் நோட்டு குத்துவார்கள். ஆனால் கரகத்துக்கான பரிசை யாரும் கோமாளிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். ஆன்ட்டி நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, “என் கணவர் போனபின் சனிக்கிழமை ராத்திரி நான் சிரித்தது இந்த மனிதரால்தான். அதற்கு நான் எங்கே வாக்களிப்பது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் கட்சியை நான் விடவில்லை.

நவம்பர் 19 அன்று சார்ஜென்ட் தானாகவே விலகினார். தான் வென்றுவிடும் ஆபத்து இருக்கிறது, அது வேடிக்கையின் எல்லையைத் தாண்டிவிடும் என்றார். நாட்டுச் செய்திகளில் அதற்குக் கிடைத்த இடத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

இந்த நிகழ்ச்சிக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்பதை ஆன்ட்டிதான் புரிய வைத்தார். ‘கம் டான்சிங்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் பிபிசியில் ஓடியது அசல் பால்ரூம் ஜோடி நடனப் போட்டி. ஊர் ஊராகக் குழுக்கள் வந்து ஆடிய ஒழுங்கான சபை அது. இன்னொரு வழி, சனி ஞாயிறு இரவுகளின் பல்சுவை மேடை. அதன் முகம்தான் அப்போதைய தொகுப்பாளர் புரூஸ் ஃபோர்சித். 1958 முதல் லண்டன் பலேடியம் மேடை நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் நடத்தியவர். நடுவர் கிரெய்க் ரெவல் ஹார்வுட் குறை சொல்லும்போதெல்லாம் அரங்கமே ‘பூ’ என்று கத்துகிறதே, இது என்ன மரியாதை என்று முதலில் எனக்கு மனம் சுருங்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கே போடும் பாண்டமைம் நாடகத்துக்கு ஆன்ட்டி என்னை அழைத்துப் போனார். வில்லன் மேடைக்கு வந்ததும் மூன்று வயதுக் குழந்தையிலிருந்து தாத்தா வரை அதே ‘பூ’. கத்துவது அங்கே பார்வையாளரின் பங்கு. நானும் கத்தினேன். இந்த நாட்டில் நான் குரலை உயர்த்திய முதல் நாள் அது.

சார்ஜென்ட்டுக்கு வாக்களித்த அதே ஆன்ட்டிக்கு நடனம் எந்த அளவுக்குத் தெரியும் என்பது எனக்கு அந்த டிசம்பரில்தான் தெரிந்தது. சமையலறையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. திரையில் தெரிபவர்களின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, பீரோவிலிருந்து தோல் தேய்ந்த வெள்ளிநிற நடனக் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலது உள்ளங்கையை வைத்தார். மற்றக் கையால் என் வலக் கையைத் தூக்கிப் பிடித்தார். “கைகளின் இந்தச் சட்டகம் உடையக் கூடாது.” பிறகு முன்னே அடி வைத்தார். குதிகால் முதலில் தரையைத் தொட்டது, பாதம் உருண்டு விரலுக்கு வந்தது. எதிரில் இருக்கும் எனக்கு ஒரு கணம் அவருடைய காலணியின் அடிப்பாகம் தெரிந்தது. “இது தெரிந்தால் குதிகால் அடி. தெரியாவிட்டால் ஏமாற்று.” ஒன்றில் குதிகால், இரண்டில் எழும்பு, மூன்றில் இறங்கு. நானோ பாதம் முழுவதையும் ஓங்கித் தட்டியே தாளம் பழகியவள். தட்டடவில் தரை அதிர வேண்டும். இங்கே அடி எடுத்து வைப்பது காதில் விழவே கூடாது. லினோலியம் தரையில், அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நான்கு அடி அகலத்தில், அரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தோம். பின்னங்கால் நரம்பு வலித்தது. வெகுநாள் கழித்து உடம்புக்கு ஒரு பாடம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

அந்த ஆண்டின் அரையிறுதி என் வாழ்க்கையையே திருப்பியது. மிச்சம் இருந்தவை மூன்று ஜோடிகள். நடுவர் வரிசையில் முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் ஒரே மதிப்பெண் பெற்று முதலிடத்தில் நின்றார்கள், தலா 3. டாம் சேம்பர்ஸுக்கு 1. மறு ஆட்டத்தில் பிரச்சினை என்று அறிவித்தார்கள். எரிவாயு பில் வந்த உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மக்கள் வாக்கில் டாமே முதலில் வந்தாலும் 1+3, நான்குதான். மற்ற இருவரில் ஒருவருக்கு 3+2, ஐந்து. ஆக, எத்தனை பேர் போன் செய்தாலும் டாமால் முதலிடத்துக்கு வர முடியாது. மூவரில் கடைசி இருவர் மறுபடி ஆட வேண்டும் என்றால் அவர் தப்பவே வழியில்லை. அவரைக் காப்பாற்றுவதற்கென்று மக்கள் பணம் செலவழித்துப் போட்ட வாக்குக்குப் பொருளே இல்லை. மூவரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பி, வாக்குகளையும் சேர்த்து எடுத்துச் சென்றார்கள். அடுத்த வாரம் கோப்பையை வென்றவர் டாம்தான்.

ஆன்ட்டி அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரத் தெரிந்தவள் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்?” என்றார். பெரியவர்களுக்கு அடிப்படைக் கணக்கு சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்றுக்கு ஜனவரியில் அவரே என்னைக் கூட்டிப் போனார். உதவியாளராகச் சேர்ந்தேன். என் பட்டங்களுக்கு இங்கே அங்கீகாரம் வாங்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஜனவரியிலேயே என் கையில் மறுபடி சாக்பீஸ் இருந்தது.

அடுத்த கோடையில் இருவரும் ரயிலேறி அரை மணி தூரத்தில் இருக்கும் பிளாக்பூலுக்குப் போனோம். அங்கே கடற்கரைக் கோபுரத்துக்கு அடியில்தான் டவர் பால்ரூம். ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1899இல் திறக்கப்பட்ட மண்டபம். தொங்கும் சரவிளக்குகள், ஓவியம் தீட்டிய விதானம், வுர்லிட்சர் ஆர்கன். தரையில் மட்டும் மகாகனி, ஓக், வால்நட் மரத்துண்டுகள் 30,602 பதித்திருக்கிறார்கள். பிற்பகலில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆடலாம். எண்பது வயதுத் தம்பதியர், ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு வந்து ஆடினார்கள். யாரும் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் ஒரு குதிகால்கூடத் தப்பவில்லை. ஆன்ட்டி தன் கணவரோடு ஆடிய மூலையைக் காட்டினார். பிறகு என்னோடு ஒரு வால்ட்ஸ் ஆடினார்.

பிறகு ஆண்டுகள் ஓடின. முன்னாள் அமைச்சர்களான ஆன் விட்டிகோம் 2010இலும், எட் பால்ஸ் 2016இலும் வந்து சிரிக்க வைத்து வெகுவாரம் தங்கினார்கள், நான் வாக்களிக்கவில்லை. 2020இல்தான் என் பிடிவாதத்தில் விரிசல் விழுந்தது. கணவர் மருத்துவமனைப் பணியில் இருந்ததால் ஆன்ட்டி வீட்டுக்குள் கால் வைக்காமலேயே இருந்தோம். ஆளுக்கொரு வீட்டில் அமர்ந்து, தொலைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்போம். பில் பெய்லி நகைச்சுவைக் கலைஞர், வயது ஐம்பத்தைந்து, நீண்ட தலைமுடி. இன்னொரு கோமாளி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் இசைக்கலைஞரும்கூட. சிரிப்பு மூட்டும் அசைவும் தாளத்தின் மேலேயே விழுந்தது. முகம் வேடிக்கை செய்யும்போது கால் தன் வேலையைச் செய்தது. ஜோடி ஓட்டி மபூசேயோடு அவர் கோப்பையை வென்றார், அந்த நிகழ்ச்சியின் மிக மூத்த வெற்றியாளராக. எங்கள் ஊர்க் கரகக் குழுவின் கோமாளியும் நாயனக்காரருக்கு ஈடாகத் தாளம் பிடிப்பவர்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சிரிப்பு ஆட்டத்துக்குள்ளிருந்து வரலாம்; ஆட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பைக் கொண்டு வைக்கக் கூடாது. இவ்வளவு காலம் நான் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அன்று பில் பெய்லிக்கு வாக்களித்தேன்.

அடுத்த ஆண்டு ரோஸ் எய்லிங்-எல்லிஸ். காது கேளாதவர். ஜொவானி பெர்னிச்சேயோடு ஆடிக்கொண்டிருந்தபோது நடுவில் இசையை முழுவதும் நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்திலும் இருவரும் தாளம் பிசகாமல் ஆடினார்கள். எனக்குக் கண் நிறைந்தது. அந்தக் கணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, திறமையிலா பொழுதுபோக்கிலா என்று ஆன்ட்டி கேட்டார்.

2024இல் ஆன்ட்டிக்கு எண்பத்து நான்கு வயது. இரண்டு கண்களிலும் நடுப்பார்வை மங்கிவிட்டது. ஓரத்தில் நிழல் போல ஏதோ தெரியும். முகமும் எழுத்தும் தெரியாது. அந்த ஆண்டு போட்டிக்கு வந்தவர் கிறிஸ் மக்காஸ்லாண்ட், பார்வையற்ற முதல் போட்டியாளர். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று என் நாட்டிய ஆசிரியை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இங்கே கை போகும் இடத்துக்குக் கையே போனது. ஜோடி டயான் பஸ்வெல் எங்கே இருக்கிறார் என்பதை உள்ளங்கையும் விலாவும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி சொன்ன அந்தச் சட்டகம் எதற்காக என்று பதினாறு ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கியது. டிசம்பரில் கோப்பை அவர்களுக்கே போனது.

கிறிஸ் வால்ட்ஸ் ஆடிய இரவு, ஆன்ட்டி தொலைக்காட்சிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு, ஓரப் பார்வையில் நிழல்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். நான் தரையில், அவருடைய காலடியில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன்: திரும்புகிறார், எழும்புகிறார், கை இறங்கவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல் மூன்று மூன்றாகத் தட்டியது. திடீரென்று என் தோளைத் தொட்டார்.

“முன்னடி எப்படி வைக்கிறார்?”

காலணியின் அடிப்பாகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“குதிகால்தான், ஆன்ட்டி.”