மூன்றாவது நிரல்

போன கிழமை அலுமாரி ஒதுக்கும்போது பெரியப்பாவின் சீஆர் கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, கையில் அகப்பட்டது. 1995 ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் 29ஆம் திகதியோடு நிற்கிறது. அடுத்த நாள்தான் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தது. செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்த அந்த மழை இரவில், காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி அவர் எடுத்து வந்தது இந்தக் கொப்பியைத்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மூன்று நிரல்கள். முதலாவது விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரல். இரண்டாவது இலங்கை வானொலி. மூன்றாவது பிபிசி. மூன்றிலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், கடலில் மூழ்கிய படகுகள் என்று இலக்கங்கள்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. கொக்குவிலில் மின்சாரம் இல்லாமல் ஐந்து வருடம். பற்றறி தடை செய்யப்பட்ட பொருள். அதனால் பெரியப்பாவின் சைக்கிளை விறாந்தையில் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, வயரை றேடியோவுக்கு இழுத்திருந்தோம். இடையில் நாலு டயோட் போட்ட சின்னப் பலகை ஒன்று. இரவு 9.15க்கு பிபிசியின் தமிழோசை. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. மெல்லச் சுற்றினால் குரல் தாண்டுபோகும், உன்னிச் சுற்றினால் றேடியோ எரிந்துபோகும் என்று பெரியப்பா ஏசுவார். அரை மணித்தியாலம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பாதியில் தம்பி மாற்றுவான்.

சுற்றுகிறவனுக்குச் செய்தி சரியாகக் கேளாது. ரயர் உரஞ்சும் சத்தம் காதை அடைக்கும். ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரல் என்று தெரியும், சொல் தெரியாது. ஆகவே நான் செய்தியைச் சுற்றி இருந்த முகங்களில் பார்த்தேன். பக்கத்து வளவு ஆட்களும் வருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு போத்தல் விளக்கு. பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தால் எங்கேயோ பொம்மர் விமானம் குண்டு போட்டிருக்கிறது. அடுத்த நாள் காலை அரிசியைச் சாக்கில் கட்டுவதா, பங்கரை இன்னும் ஆழமாக வெட்டுவதா, அக்காவை வன்னிக்கு அனுப்புவதா என்ற தீர்மானங்கள் எல்லாம் அந்த அரை மணித்தியாலம் முடிந்த கையோடு எடுக்கப்பட்டவை. “பிபிசி சொன்னதோ?” என்று கேட்ட பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் ஒரு கதை செய்தியாகும்.

ஏன் அப்படி நம்பினோம் என்பதற்கு இந்தக் கொப்பியில் பதில் இருக்கிறது. முதல் இரண்டு நிரல்களிலும் ஒரு நாள்கூடத் தவறாமல் இலக்கம் உண்டு. மூன்றாவதில் பல நாட்கள் வெறுமை. ‘சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று வானொலி சொன்னால் பெரியப்பா அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவன், தெரியும் என்று சொல்லும்போது நாங்கள் எழும்பி மூட்டை கட்டினோம். ஒரு ஊடகவியலாளனின் பலம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால் நான் இந்த வெறுமைகளைத்தான் காட்டுவேன்.

ஜூலை 9ஆம் திகதிப் பக்கத்தில் நவாலி. சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனத்தின் மேல் குண்டு போட்ட நாள். ஊரில் நாங்கள் எண்ணிய கணக்கு நூற்றி இருபதுக்கு மேல். மூன்றாவது நிரலில் வேறு மையில், பிறகு எழுதியது: ‘65 – செஞ்சிலுவை’. எங்கள் கணக்கில் பாதிதான். நான் கோபப்பட்டேன், பொய் சொல்கிறார்கள் என்றேன். பெரியப்பா சொன்னது நினைவிருக்கிறது: “எங்கட கணக்கை நாங்கள்தானடா நம்புவம். இந்த அறுபத்தஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டேலாது.” உண்மையில் அந்த அறிக்கைக்காகக் கொழும்பு அரசு செஞ்சிலுவைச் சங்கத்தைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அந்தச் செப்டம்பரில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கையும் வந்தது. தணிக்கை வந்த கிழமையிலேயே வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்தார்கள்.

96இல் ஊருக்குத் திரும்பினோம். ஊர் அப்போது இராணுவத்தின் கையில். கொழும்பு அரசு நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியதில் தமிழோசையும் 9.45 ஆகியிருந்தது. அந்த வருடம் மட்டும் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 600 பேர் காணாமல் போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது. சோதனைச் சாவடியில் இறக்கிய பெடியன் பின்னேரம் வீட்டுக்கு வரமாட்டான். தாய் முகாம் முகாமாக அலைவாள். வெளியூர் நிருபர்கள் நினைத்தபடி வர முடியாத குடாநாடு. அந்தக் காலத்தில் உள்ளே இருந்தபடி எழுதியவர் மயில்வாகனம் நிமலராஜன். தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் தமிழில். பிபிசியின் சிங்களச் சேவையான சந்தேஷயவுக்கும் ராவய பத்திரிகைக்கும் சிங்களத்தில்.

சிங்களத்தில் எழுதியது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு கண்டியில் வேலை கிடைத்துப் போனேன். எங்கள் கந்தோர்க் காசாளர் ஐயா, ஓய்வுபெற இருந்த சிங்களவர், நான் யாழ்ப்பாணம் என்றதும் முதல் கேட்டது நிமலராஜனைப் பற்றி. அவருடைய மகன் பலாலியில் இராணுவத்தில் நின்றிருக்கிறான். மகன் கடிதத்தில் எழுதாததை எல்லாம் தான் சந்தேஷயவில் கேட்டதாகச் சொன்னார். “அங்கே மனிசர் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும்,” என்றார். போர் வேண்டும் என்று ஒரு காலத்தில் வாக்குப் போட்டவர் அவர். எந்த மேடைப் பேச்சும் அவரை மாற்றியிருக்காது.

2000 ஒக்டோபர் 10இல் பொதுத்தேர்தல். அதில் நடந்த முறைகேடுகளையும் மிரட்டல்களையும் நிமலராஜன் எழுதினார். 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரம், சுற்றிவரக் காவலரண்கள். வீட்டு மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டார்கள். கைக்குண்டும் எறிந்துவிட்டுப் போனார்கள். தாய், தகப்பன், சின்ன மருமகன் மூவருக்கும் காயம். ஊரடங்கில் நாங்கள் படலையைக்கூடத் திறக்கமாட்டோம். சுட்டவர்கள் தெருவால் வந்து தெருவால் போயிருக்கிறார்கள்.

அப்போது கறண்ட் வந்திருந்தது, சைக்கிள் சுற்றத் தேவையில்லை. மறுநாள் தமிழோசையை நான் முழுதாக என் காதால் கேட்டேன். பெரியப்பா றேடியோவை நிறுத்தாமல் எழும்பிப் போய்க் கிணற்றடியில் கனநேரம் நின்றார்.

இப்போது என் கைபேசியில் ஒரு நாளைக்கு நாற்பது காணொளி வருகிறது. கத்துகிறவர்களுக்கு இலட்சக்கணக்கில் பார்வையாளர்கள். தங்கச்சியின் மகன் அதில் ஒருவரை அப்படியே நம்புகிறான். அவருக்கு எல்லாம் தெரிகிறது, ஒரு நாள்கூட ‘தெரியாது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மருமகனுக்கு இந்தக் கொப்பியைக் காட்டினேன். “ஏன் மாமா இந்தப் பக்கம் வெறுமையா கிடக்கு?” என்றான். அவனை இருத்தி, டைனமோவில் இருந்து தொடங்கிச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் போனது.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30இல் நின்றது. நிமலராஜன் வழக்கில் இலங்கையில் பிடிபட்ட சந்தேக நபர்கள் மேல் நடவடிக்கை இல்லை என்று 2021இல் சட்டமா அதிபர் கைவிட்டார். 2022 பெப்ரவரியில் இங்கிலாந்தின் நோர்தம்ரன்செயரில் ஒருவரை லண்டன் பொலிஸ் பிடித்து விசாரித்து, விசாரணை தொடரும் என்று விட்டது. அந்தச் செய்தி வந்தபோது பெரியப்பா இல்லை. ஒவ்வொரு ஒக்டோபர் 19உம் யாழ் ஊடக அமையத்தில் நிமலராஜனுக்கு விளக்கேற்றுகிறார்கள். இந்த முறை மருமகனும் வருகிறேன் என்றிருக்கிறான்.