அட்டை சேத்தக்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில். ஐயர், மண்டபம், சாப்பாடு, வேன் எல்லாம் தம்பி பார்த்துக்கொண்டான். "நீ கிஃப்டை மட்டும் பாத்துக்கோக்கா" என்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது. நான் போய் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தேன்.

வீடியோவில் ஓர் அம்மணி வீடு வடிவத்தில் ஆல்பம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் தடித்த அட்டை, அடுத்த பக்கம் கண்ணாடி மாதிரி அக்ரிலிக், மறுபடி அட்டை. எல்லாமே ஓட்டுவீட்டு வடிவில் வெட்டியது, ஓரத்தில் இரண்டு வளையம். அக்ரிலிக்கில் எழுதிய எழுத்து, அதற்கு அடியில் இருக்கும் போட்டோ மேல் மிதக்கிற மாதிரி தெரிந்தது. பின்னணித் தாளைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து பிரிண்ட் எடுத்து, போட்டோ, லேஸ், பட்டன் எல்லாம் கையால் ஒட்டுவதால் இதற்கு ஹைப்ரிட் ஸ்கிராப்புக் என்று பெயராம். 12 நிமிடத்தில் முடித்துவிட்டார். நமக்கு ஒரு வாரம் ஆகட்டுமே என்று நினைத்தேன்.

வீடு வடிவம் எங்களுக்குச் சரிப்படாது. ஏழு வாடகை வீடு மாறியவர்கள் நாங்கள். ஏழு வீட்டுக்கும் கூடவே வந்தது அப்பாவின் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்தான். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, 1988ல் கைக்கு வந்த வண்டி. அம்மாவைப் பெண் பார்க்கப் போனது, என்னைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது, தம்பியை முன்னால் நிற்கவைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோனது எல்லாம் அதில்தான். காலையில் வண்டியை அப்பா ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, கிக்கரை உதைக்கும் சத்தம்தான் எங்கள் தெருவுக்கே அலாரம். பல வருஷம் கழித்து அதே பெயரில் பேட்டரி வண்டி வந்தபோது, அப்பா ஷோரூம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "கிக்கரே இல்ல. அப்புறம் என்ன சேத்தக்?"

இந்த வசனத்தை நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை.

ஆல்பம் சேத்தக் வடிவம் என்று முடிவாயிற்று. ஐந்து அட்டை, நடுநடுவே மூன்று அக்ரிலிக். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போய் 2 மில்லிமீட்டர் கிரே போர்டு வாங்கினேன். வீடியோக்காரர்கள் சிப்போர்டு என்று கொஞ்சுவது, நம் கடையில் பைண்டிங் அட்டை. லேசர் கட்டிங் கடையில் ஸ்கூட்டர் படத்தை போனில் காட்டினேன். அங்கிருந்த பையன் என்னைப் பார்த்த பார்வையில் கருணை இருந்தது. "இது போட்டோக்கா. கோரல் டிராவில அவுட்லைன் போட்டு எடுத்துட்டு வாங்க. மெஷின் கோட்டைப் பாத்துதான் வெட்டும், வண்டியப் பாத்து வெட்டாது."

இரண்டு நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவுட்லைன் போட்டேன். வெட்டி வந்த அட்டையின் ஓரம் முழுக்க முறுகலாகப் பழுப்பேறி, கையில் கரி ஒட்டியது. அதுவும் ஓர் அழகு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்ரிலிக்கை எடுத்துப் பார்த்த அம்மா, "கண்ணாடி மாதிரி இருக்கும்னே, இதுவும் அட்டையாட்டம்தானே இருக்கு?" என்றார். இரண்டு பக்கமும் பாதுகாப்புக்குத் தாள் ஒட்டியிருப்பார்கள், லேசர் வெட்டும்போது புகைக்கறை படியாமல் இருக்க அதை எடுக்காமலேயே வெட்டுவார்கள் என்று விளக்கி, நகத்தால் உரித்தும் காட்டினேன். உரித்த அடுத்த நிமிடம், வீட்டில் இருந்த அத்தனை தூசியும் பறந்து வந்து அதில் உட்கார்ந்தது. துடைக்கத் துடைக்க இன்னும் வந்தது. சரி என்று கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலைத் தேடி எடுத்து ஒரு துடை துடைத்தேன். வெட்டிய ஓரத்தில் மெல்லிசாக, மே மாத ஏரி மாதிரி, விரிசல் விரிசலாக வந்தது. லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் ஓர் இறுக்கம் தங்கியிருக்குமாம், ஆல்கஹால் பட்டால் வெடிக்குமாம். லேசர் கடைப் பையன் சொன்னான். "முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்க சானிடைசர் போடுவீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

நியாயம்தான். சோப்புத் தண்ணீரும் பனியன் துணியும் போதுமாம்.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். பின்னணித் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஸ்கூட்டர் வடிவத்துக்கே வரைந்து, பிரிண்ட் கடையில் கொடுத்து, வெட்டி அட்டைமேல் வைத்தால் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. மறுபடி அளந்தேன், கணக்கு சரி. மறுபடி வைத்தேன், குறைகிறது. அட்டை வளர்ந்துவிட்டதா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். கடையில் 'ஃபிட் டு பேஜ்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்திருக்கிறது. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் தானாகவே கொஞ்சம் சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். மறுபடி பத்துத் தாள், மறுபடி காசு.

இந்த முறை கச்சிதம். ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, பத்தையும் கத்தரித்து, ஐந்து அட்டைக்கும் முன்பக்கம் ஒட்டி முடித்தேன். வலது பார்த்து நிற்கும் ஐந்து சேத்தக். அட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தாளை வைத்தேன்.

அட்டை இடதுபக்கம் போகிறது, தாள் வலதுபக்கம் போகிறது.

தாளைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். சக்கரம் வானத்தைப் பார்த்தது. கவிழ்த்து வைத்தேன், வடிவம் சரியாகப் பொருந்தியது, ஆனால் பிரிண்ட் உள்ளே போய் வெள்ளைதான் வெளியே தெரிந்தது. சதுர ஆல்பத்தில் இந்த வம்பே இல்லை. சதுரத்துக்கு முன் ஏது, பின் ஏது? ஸ்கூட்டர் வடிவம் என்றால், பக்கத்தைப் புரட்டியதும் வண்டியும் திரும்பிவிடும். கையிலிருந்த ஐந்து தாளும் குப்பை. பாத்ரூம் போக எழுந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "ரிவர்ஸ் கியரா? சேத்தக்ல அது கிடையாதேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பின்பக்கத் தாள்களை எல்லாம் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பினேன். ஒரே ஒரு க்ளிக். பின்னட்டையில் வெளிப்பக்கம் வரும் முழு ஸ்கூட்டர் படத்தையும் அதே க்ளிக்கில் திருப்பினேன். அதில் வண்டிமேல் எழுதியிருந்த பெயரும் ஆம்புலன்ஸ் முகப்பு மாதிரி தலைமாற்றி வந்தது. அதைக் கண்டுபிடித்து எழுத்தை மட்டும் நேராக்கியபோது, நம்மைப் போல் நுணுக்கம் பார்க்க யாரால் முடியும் என்று இருந்தது. சந்தோஷத்தில் பக்கோடா வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒட்டியது மட்டும் ஒழுங்காக இருந்ததா என்ன. அட்டையில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காயவைத்ததால், ஐந்தும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. ஈரத்தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுக்குமாம். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டி, மேலே பாரம் ஏற்ற வேண்டும் என்றார் திருவல்லிக்கேணியில் பைண்டிங் போடும் ஒரு பெரியவர். மறுபக்கமும் ஒட்டி, வீட்டில் இருந்த கனமான பொருளான கிரைண்டர் கல்லை ஏற்றினேன். அம்மா சாயங்காலம் மாவு அரைக்கத் தேடியபோதுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. அந்த வாரம் ரெடிமேட் மாவு.

அக்ரிலிக்கில் கல்யாணப் போட்டோவை ஒட்ட, சின்ன ட்யூபில் வருமே, விரலோடு விரலை ஒட்டிவிடும் பசை, அதைப் போட்டேன். காலையில் பார்த்தால் போட்டோவைச் சுற்றி அக்ரிலிக் முழுக்க வெள்ளையாக மூடுபனி. அந்தப் பசையின் ஆவி படிந்தால் அப்படித்தான் பூக்கும். (வெறும் டபுள் டேப் போதும். டேப் தெரியாமலிருக்கப் பின்பக்கமும் அதே இடத்தில் இன்னொரு போட்டோவை ஒட்டிவிட வேண்டும்.) அழுகை வந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஹோமப் புகையா? நல்லா வந்திருக்குடி. நிஜமாவே அன்னிக்கு இப்படித்தான், உங்கப்பா முகமே எனக்குத் தெரியல" என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.

திருக்கடையூரில் மாலை மாற்றி, ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஆல்பத்தை அப்பா கையில் கொடுத்தேன். மனிதர் பேசவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெண் பார்க்கப் போன அன்று எடுத்த படத்தில் ரொம்ப நேரம் நின்றார். அக்ரிலிக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அத்தை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் ஆல்பத்தை மூடிப் பின்னட்டையைப் பார்த்தார். அப்பாவின் கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஏம்மா, கிக்கர் எப்படி இடது பக்கம் வந்துச்சு?"

சேத்தக்கில் இன்ஜினும் கிக்கரும் வலது பக்கம். வலது பார்த்து நிற்கும் முன்னட்டையில் நமக்குத் தெரிவது வண்டியின் வலது பக்கம், கிக்கர் இருக்கலாம். இடது பார்த்து நிற்கும் பின்னட்டையில் தெரிவது வண்டியின் இடது பக்கம். அங்கே கிக்கருக்கு வேலையே இல்லை. எழுத்தைத் திருப்பத் தெரிந்த மகாராணிக்குக் கிக்கரை அழிக்கத் தெரியவில்லை.

"குடுங்கப்பா, மேல ஒரு பட்டன் ஒட்டி மறைச்சுத் தரேன்" என்றேன். தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஆண்கள் எல்லாருக்கும் அந்த ஆல்பம் ஒரு பரீட்சை. காபி வருவதற்கு முன்னால் பின்னட்டையை நீட்டி, "இதுல ஒரு தப்பு இருக்கு, எங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். உள்ளே இருக்கும் போட்டோ எதையும் காட்டுவதே இல்லை. கண்டுபிடித்தால் இரண்டாவது காபி உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஹெட்லைட் சின்னதாக இருக்கிறது என்றார்.

அவர் படியிறங்கியதும் அப்பா என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "பெடல் மிதிக்கிற லூனா ஓட்டின ஆளு. அவருக்கு எப்படித் தெரியும்?"