நைட்ரஸ் அமிலமும் ஈஸ்டும்: பி.எச். மீட்டரை நம்பியே செய்முறை

நாகர்கோவில் பக்கம் கல்லூரி ஆய்வகத்தில் ஈஸ்டின் டிஎன்ஏவை நைட்ரைட் வைத்துக் கெடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பி.எச். நைட்ரைட் தானாக ஒன்றும் செய்யாது. அமிலத்தில் நைட்ரஸ் அமிலமாக மாறும் பங்குதான் சைட்டோசினின் அமினோ தொகுதியைப் பிடுங்கி யுராசிலாக்கும், அடினினை ஹைப்போக்ஸாந்தின் ஆக்கும். பி.எச். 4.5-இல் அந்தப் பங்கு ஏறக்குறைய 6 சதவீதம், 4.0-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 0.1 மோலார் அசிடேட் பஃபரில் (பி.எச்.-ஐ மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) நைட்ரைட்டைக் கலந்த பிறகும் ஒருதடவை மீட்டரை வைத்துப் பாருங்கள்.

ஹேப்ளாய்டு ஸ்ட்ரெயின்தான் வேண்டும், அதாவது ஒவ்வொரு மரபணுவும் ஒரே நகலாக உள்ள ஈஸ்ட் வகை. டிஎன்ஏ மாறியதா என்பதை, அர்ஜினின் மாதிரியே இருக்கும் கனவனைன் என்ற நஞ்சு கலந்த தட்டில் பார்க்கிறோம்: அதைச் செல்லுக்குள் இழுக்கும் பெர்மியேஸ் புரதத்துக்கான கேன்1 மரபணு கெட்ட செல்தான் அங்கே பிழைக்கும். பேக்கரி ஈஸ்டில் இந்த மரபணுவுக்குப் பல நகல்கள். ஒன்று கெட்டாலும் மற்றது கனவனைனை உள்ளே இழுத்துச் செல்லைக் கொன்றுவிடும்.

செல்களைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். இதில் சோம்பல்பட்டால் மொத்தமும் வீண்: மீடியத்தின் பெப்டோனில் உள்ள அமினோ அமிலங்களே நைட்ரஸ் அமிலத்தைத் தின்று நைட்ரஜன் குமிழாக விட்டுவிடும். மில்லிக்கு ஒரு கோடி செல், 50 மில்லிமோலார் நைட்ரைட், 30 டிகிரி. 0, 5, 10, 20 நிமிடங்களில் 1 மி.லி. எடுத்து, பி.எச். 7.5 உள்ள 0.2 மோலார் பாஸ்பேட் பஃபர் 9 மி.லி.யில் விட்டால் வினை நின்றுவிடும். பாதி செல் பிழைக்கிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நைட்ரைட் இல்லாத அமில பஃபரும், பி.எச். 7-இல் நைட்ரைட்டும் என்று இரண்டு கன்ட்ரோல் கட்டாயம்.

உடனே கனவனைன் தட்டில் பரப்பாதீர்கள். சாதாரண மீடியத்தில் இரண்டு தலைமுறை வளரவிட்டால்தான் மாற்றம் பதியும், பழைய பெர்மியேஸ் புரதமும் நீர்த்துப்போகும். கனவனைன் லிட்டருக்கு 60 மி.கி.; வடிகட்டி, அகர் ஆறியபின் சேர்க்கணும். தட்டு முழுக்கப் புல்வெளி மாதிரி வளர்ந்தால் அமினோ அமிலக் கலவையில் அர்ஜினின் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அது கனவனைனோடு போட்டியிட்டு நஞ்சைத் தணித்துவிடும்.

நம்மூரில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), துலா மழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டிலும் நைட்ரைட் பாட்டில் ஈரம் கோத்துக் கட்டிதட்டும். அதை எடைபோட்டால் கணக்கு பொய்க்கும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வையுங்கள், கரைசலை அன்றன்றே போடுங்கள்.

மிச்சக் கரைசலை அமிலக் கழிவு பாட்டிலில் ஊற்றவே கூடாது, பழுப்புப் புகை கிளம்பும். புகைக் கூண்டுக்குள் வைத்துச் சல்ஃபாமிக் அமிலம் சிறிது சிறிதாகச் சேர்த்து, குமிழ் அடங்கியபின் அப்புறப்படுத்துங்கள்.