அப்பா வண்டியில ஒரு வாட் மீட்டர் மாட்டினேன், எந்த பேட்டரி போச்சுன்னு கையோட தெரிஞ்சிருச்சு

அப்பாவோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எட்டு மாசத்துலயே தகராறு பண்ண ஆரம்பிச்சிருச்சு. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேசன் எதுவும் தேவையில்லாத 250 வாட் வண்டிதான், 25 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகாது. 12 வோல்ட் 20 ஆம்ப் அவர் (பேட்டரிக்குள்ள மொத்தம் எவ்வளவு கரண்ட் புடிக்கும்ங்கற அளவு) லெட் ஆசிட் பேட்டரி நாலை சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட ஒண்ணு வரிசையா கோத்து 48 வோல்ட். மதுரை திருநகர்ல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைக்கு ஏழெட்டு கிலோமீட்டர், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துட்டு மறுபடியும் போவாரு, ராத்திரி திரும்ப வருவாரு. புதுசுல இதுக்கெல்லாம் ஒரே சார்ஜ் தாங்கிச்சு. இந்த தடவை மூணாவது டிரிப்லயே திருப்பரங்குன்றம் ரயில்வே பாலத்துல ஏறும்போது பொசுக்குனு நின்னுருச்சு, 63 வயசு மனுசன் வண்டிய பாலத்துல தள்ளிக்கிட்டு வந்திருக்காரு. அன்னைக்கு ராத்திரி அவரு காலை நீட்டி உக்காந்திருந்ததைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல.

வண்டி வாங்கின கடையில கேட்டா "சார் பேட்டரி போச்சு, நாலையும் மாத்திருங்க"ன்னு ஒரே வார்த்தை. வாரண்டி இருக்கேன்னா "செக் பண்ணினோம், வோல்டேஜ் எல்லாம் கரெக்டா இருக்கு, வாரண்டியில வராது"ங்கறாங்க. வோல்டேஜ் கரெக்டா இருந்தா எதுக்கு நாலையும் மாத்தணும்?

இங்கதான் நெறைய பேர் ஏமாறுறோம். வண்டியை நிப்பாட்டி வச்சு பாக்கற வோல்டேஜ் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்குன்னு ஓரளவுக்கு காட்டும், பேட்டரி நல்லா இருக்கா போச்சான்னு சொல்லாது. டேஷ்போர்டுல சார்ஜ் காட்டுற கட்டையும் வெறும் வோல்டேஜ வச்சுதான் ஏறி இறங்குது, அதனாலதான் சிக்னல்ல நின்னா நாலு கட்டை காட்டும், ஆக்சிலேட்டரை முறுக்கினா ரெண்டு கட்டை காட்டும், பாலம் ஏறினா ஒண்ணுதான் நிக்கும். பேட்டரிக்குள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா வெளிய போற கரண்டை எண்ணிக்கிட்டே இருக்கணும், லோடு ஏறும்போது, அதாவது மோட்டார் கரண்ட் அதிகமா இழுக்கும்போது, வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னும் பாக்கணும். இந்த ரெண்டையும் செய்யறதுதான் வாட் மீட்டர். ரிமோட் கார், ஏரோபிளேன் விடறவங்க யூஸ் பண்ற அதே சின்ன நீல டப்பாதான், ஒரு பக்கம் சோர்ஸ் (பேட்டரி), இன்னொரு பக்கம் லோட் (வண்டி), நடுவுல ரெண்டு வரி எல்சிடி. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டேன், கனெக்டரும் கனமான ஒயரும் டவுன் ஹால் ரோட்டுல வாங்கினேன்.

உள்ள பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. நெகட்டிவ் லைன்ல ஒரு மில்லி ஓம் அளவுல ஷன்ட்னு ரொம்ப சின்ன ரெசிஸ்டன்ஸ் ஒண்ணு இருக்கும், 20 ஆம்ப் போனா அதுல 20 மில்லிவோல்ட் விழும், அதை அளந்து ஆம்ப்ஸ் கணக்கு போட்டு, வோல்டேஜால பெருக்கி வாட்ஸ், நேரத்தோட கூட்டிக்கிட்டே போய் ஆம்ப் அவர், வாட் அவர். கூடவே பீக் ஆம்ப்ஸ், பீக் வாட்ஸ், அப்புறம் முக்கியமா மினிமம் வோல்டேஜ், அதாவது ஓட்டத்துல வோல்டேஜ் அடிமட்டத்துக்கு எது வரைக்கும் போச்சுங்கறது, இதையெல்லாம் ஞாபகம் வச்சு மாத்தி மாத்தி காட்டும். டப்பா மேல 150 ஆம்ப்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க, அந்த ஒயரோட தடிமனைப் பாத்தாலே தெரியும். ஆனா நம்ம வண்டி 20 ஆம்ப்புக்குள்ளதான் இழுக்கும், அதுக்கு தாராளம்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, இதை தயவுசெஞ்சு கவனமா படிங்க. இந்த மீட்டர்கள் 60 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். 48 வோல்ட் லெட் ஆசிட் செட்டே சார்ஜ் ஏறும்போது ஒரு பேட்டரிக்கு 14.7 வச்சா 58.8 வரைக்கும் போயிரும், மயிரிழைலதான் தப்பிக்கும். அஞ்சு பேட்டரி போட்ட 60 வோல்ட் வண்டின்னா சார்ஜ்ல 73 தாண்டிரும், மீட்டர் புகைஞ்சிரும், அதுக்கு வேற மீட்டர்தான் வாங்கணும். அப்புறம் சீட்டுக்கு அடியில இருக்கற எம்சிபிய (மெயின் சுவிட்ச்) ஆஃப் பண்ணாம எதையும் தொடாதீங்க, மோட்டாருக்கு கரண்டை அளந்து விடற கன்ட்ரோலர்ல இருக்கற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகற வேகத்துல கனெக்டர்ல பளிச்னு பொறி அடிக்கும். ஆனா எம்சிபி ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி பேட்டரிதான், ரெண்டு டெர்மினலுக்கு குறுக்க ஸ்பேனர் விழுந்தா நூத்துக்கணக்கான ஆம்ப் போகும், அதனால மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழட்டி வச்சிருங்க, ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேசன் டேப் சுத்திருங்க. லித்தியம் பேக் உள்ள கம்பெனி வண்டின்னா பேக்கை பிரிக்கவே பிரிக்காதீங்க, ஒயரையும் வெட்டாதீங்க.

மாட்டியாச்சு. முதல்ல மெயின் ஸ்டாண்ட் போட்டு பின் வீலை தூக்கி வச்சு முறுக்கி பாத்தேன், ஒண்ணரை ஆம்ப்தான் இழுத்துச்சு. அப்ப பிரேக் ஒட்டிக்கிட்டு வீலை இழுக்கல, மோட்டார்லயும் பெருசா கோளாறு இல்ல. அடுத்த நாள் ஃபுல் சார்ஜ் போட்டு, சார்ஜரை கழட்டி ரெண்டு மணி நேரம் விட்டுட்டு, நானே ஓட்டிட்டு போனேன். 22 கிலோமீட்டர்ல கட் ஆச்சு. 8.6 ஆம்ப் அவர், 412 வாட் அவர், மினிமம் வோல்டேஜ் 41.6. கன்ட்ரோலர் 42 பக்கம் கட் பண்ணிரும், சரி. ஆனா 20 ஆம்ப் அவர்னு ஸ்டிக்கர் ஒட்டின பேட்டரி 8.6லயே படுத்துருச்சு. ஸ்டிக்கர்ல இருக்கறது மெதுவா கரண்ட் எடுத்தா கிடைக்கற கணக்கு, வேகமா எடுத்தா லெட் ஆசிட் குறைச்சலாத்தான் தரும், ஆனாலும் பாதிக்கும் கீழன்னா ஒத்துக்க முடியாது.

நாலும் சேந்து சாகுதா இல்ல ஒண்ணு மட்டும் சாகுதா, அதுதான் தெரியணும். ராத்திரி பத்தரை மணிக்கு ரோடு காலியானதும் நானும் தம்பியும் அதே பாலத்துக்கு போனோம். அவன் ஓட்டினான், நான் பின்னாடி மல்டிமீட்டரோட. மிதிபலகைக்கு அடியில ஒரு பேட்டரியோட ரெண்டு டெர்மினல்ல இருந்தும் ஃபியூஸ் போட்ட மெல்லிசு ஒயர் எடுத்து மல்டிமீட்டர்ல மாட்டியிருந்தேன். பாலம் ஏறும்போது வாட் மீட்டர்ல 17 ஆம்ப் வரும், அந்த நேரத்துல மல்டிமீட்டரை படிப்பேன். அப்புறம் கீழ இறங்கி, ஒயரை அடுத்த பேட்டரிக்கு மாத்திட்டு மறுபடியும் ஏறணும். முதல் பேட்டரி, நிக்கும்போது 12.8, ஏத்தத்துல 12.2. ரெண்டாவது அதே. மூணாவது மல்டிமீட்டரைப் பாத்ததும் "டேய் நிறுத்து நிறுத்து"ன்னு கத்திட்டேன். நிக்கும்போது 12.6 காட்டுனது ஏத்தத்துல 10.4க்கு விழுந்துருச்சு. "அண்ணே, இன்னொரு தடவை பாத்துருவோம்"னு அவன் திருப்பினான், மறுபடியும் 10.4. நாலாவது 12.2.

கணக்கும் பொருந்துச்சு. நிக்கும்போது மொத்தம் 51, ஏத்தத்துல 47. நாலு வோல்ட் விழுந்ததுல மூணு பேட்டரி சேந்து 1.8, அந்த ஒத்தை பேட்டரி மட்டும் 2.2. சும்மா வச்சு பாத்தா 0.2 வோல்ட்தான் வித்தியாசம், கடையில அதைத்தான் பாத்துட்டு கரெக்டுன்னுட்டாங்க. சீரிஸ்ல ஒண்ணு நோஞ்சானா இருந்தா கன்ட்ரோலருக்கு மொத்த வோல்டேஜ்தான் தெரியும், நல்லா இருக்கற மூணுலயும் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கட் பண்ணிரும்.

மல்டிமீட்டரும் வாட் மீட்டரும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி தம்பி எடுத்த வீடியோவ கடையில காட்டினோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் அவங்களே லோடு போட்டு பாத்துட்டு அந்த ஒண்ணை மட்டும் வாரண்டியில மாத்தி குடுத்தாங்க. எட்டு மாசம்தான் ஆச்சுங்கறதால புதுசும் பழசும் ஓரளவுக்கு ஒத்துப்போகும்னு துணிஞ்சேன். ரெண்டு வருசம் ஓடின செட்டா இருந்தா ஒண்ணை மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, அப்ப நாலையும் மாத்தறதுதான் சரி. போட்டதும் நாலையும் தனித்தனியா 12 வோல்ட் சார்ஜர்ல ஃபுல் ஆக்கித்தான் சீரிஸ்ல சேத்தேன், இதை நெறைய மெக்கானிக் செய்யறதில்ல.

இப்ப 38 கிலோமீட்டர் வருது. 14.9 ஆம்ப் அவர், 715 வாட் அவர். இதுல ஒரு விசயம் பாருங்க, முன்னாடி கிலோமீட்டருக்கு 18.7 வாட் அவர், இப்ப 18.8. அப்ப வண்டி தின்னது அன்னைக்கும் இதேதான், பாத்திரம்தான் சின்னதா போயிருந்துச்சு. இந்த ஒரு நம்பரை மாசாமாசம் குறிச்சு வச்சா போதும். போன மாசம் திடீர்னு 23 ஆச்சு, ரேஞ்சும் குறைஞ்சுச்சு, ஆனா வோல்டேஜ் பழையபடிதான் இறங்குச்சு. பேட்டரிய தொடவே இல்ல, பின் டயர்ல காத்து இறங்கியிருந்துச்சு, அடிச்சதும் 19க்கு வந்துருச்சு.

சில குறைகளையும் சொல்லிடறேன். பேட்டரிய கழட்டினா எண்ணி வச்சது எல்லாம் அழிஞ்சிரும், அதனால கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. கரண்ட் ஒரே திசையில போறதைத்தான் எண்ணும், பிரேக் புடிச்சா திரும்ப சார்ஜ் ஏத்தற வண்டியில அந்த கணக்கு வராது. மீட்டரும் சில மில்லி ஆம்ப் குடிச்சுக்கிட்டே இருக்கும், மாசக்கணக்குல ஊருக்கு போறதா இருந்தா கழட்டிருங்க. மழைத்தண்ணி படாம ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சு ஹேண்டில் பக்கத்துல கட்டியிருக்கேன்.

அப்பா இப்ப கட்டையை பாக்கறதே இல்ல. கடைக்கு போய் சேந்ததும் "3.1 ஆச்சுடா"ன்னு போன் பண்ணுவாரு, பன்னண்டு தாண்டினா சார்ஜ் போட்டுருவாரு. பக்கத்து வீட்டு மாமாவும் அவரு வண்டிக்கு ஒண்ணு மாட்டி குடுடான்னு கேட்டிருக்காரு, ஆனா அது 60 வோல்ட் வண்டி, அதனால 100 வோல்ட் தாங்கற, ஷன்ட் தனியா வெளிய இருக்கற மீட்டரா ஆர்டர் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வருதாம்.