பெயர்கள் இருக்கவேண்டிய இடம்

நம் பள்ளியில் இரண்டாம் உலகப் போரைப் படிப்பித்த நாளில், "செத்த ஆட்களின்ர பெயரெல்லாம் எங்கே இருக்கு சேர்?" என்று பின்வாங்கிலிலிருந்து ஒருவன் கேட்டான். எங்கள் சரித்திர ஆசிரியர் சோக்கட்டியை வைத்துவிட்டு, "அவரவர் ஊரில இருக்கவேணும்" என்றார்.

நான் இப்போது இருப்பது பிரான்சின் கந்தால் மலைப்பகுதியில், மூரா நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். தேவாலயத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1914–1918 போரில் பிரான்ஸ் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரரை இழந்தது. அதன் பிறகு அநேகமாக ஒவ்வோர் ஊரும் இப்படி ஒரு கல்லை நாட்டியது; 1919 ஒக்டோபர் சட்டப்படி அரசும் உதவிப்பணம் கொடுத்தது. எங்கள் ஊர்க் கல்லில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. அண்ணன் தம்பிமார். அந்தத் தாயை நினைக்காமல் என்னால் அதைக் கடந்து போக முடிவதில்லை.

அதே கல்லின் மறுபக்கத்தில், இரண்டாம் உலகப் போரில் பிரான்சைப் பிடித்திருந்த ஜெர்மனியரால் நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்கள். 1944 ஜூன் 12 அன்று மூராவில் ஜெர்மன் இரகசியப் பொலிஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாக ஜூன் 24 அன்று மூராவைச் சுற்றிவளைத்து நூறுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரை ஜெர்மனியின் நொயன்காம வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று நம் வயதுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நாடுகடத்தப்பட்டோருக்கான நினைவுநாள் ஏப்ரல் கடைசி ஞாயிறு, 1954இல் சட்டமாக்கினார்கள். நவம்பர் 11 அன்று பள்ளிப் பிள்ளைகள் பெயர்களை வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் "பிரான்சுக்காக இறந்தார்" என்று கூட்டம் மறுமொழி சொல்லும். துவக்கு ஏந்தியவரையும் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவரையும் ஒரே கல்லில் வைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஊருக்கு இருவரும் பிள்ளைகள்தானே.

நம் வகுப்பு இடாப்பில் இருந்த எத்தனை பேர் இன்று இல்லை! ஷெல்லில் போனவர்கள், இயக்கத்துக்குப் போய் வராதவர்கள், பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் போனவர்கள். எல்லாப் பெயரும் ஒன்றாக எழுதப்பட்ட ஓர் இடம் நமக்கு இல்லை. கல் நாட்ட முடியாவிட்டாலும் நம் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த மலரில் சில பக்கங்களை ஒதுக்கலாம். என் வகுப்பில் எனக்குத் தெரிந்த பெயர்களை எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அனுப்புங்கள்: முழுப்பெயர், ஊர், படித்த ஆண்டு. குடும்பத்தாரிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.