கத்தரிப்பூ நிற மலையும் 15 பவுண்ட் சேறும்

சைக்கிள் கழுவியதற்கு 15 பவுண்ட்! வாடகைக் கடைக்காரர் நேற்று மாலை முன்பணத்தில் பிடித்துக்கொண்டு நீட்டிய ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மலைச்சைக்கிளை மலையில் ஓட்டினால் சேறாகாமல் வேறு என்ன ஆகும்? காலையில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நாள் வாடகை 45, தலைக்கவசத்துக்குத் தனியாக 5, வங்கி அட்டையில் முடக்கிவைத்த முன்பணம் 200. எதையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதை இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரத்திலேயே விட்டிருந்தேன். நேற்று இரவு மறுபடி பெருக்கிப் பார்த்து வயிறு எரிந்தேன்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் என்னை மான்செஸ்டரில் தங்கவைத்திருக்கும் நண்பனிடம் சொல்லியிருந்தேன். முயன்று பார்க்கிறேன்.

அவனோடு போன இடம் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி. அதன் வடபாதியில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேடு இருக்கிறது. உயரம் 636 மீட்டர்தான். நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அங்கே இருப்பது மூர். இதற்குத் தமிழில் நேர்ச்சொல் தேடி அலுத்துவிட்டேன். காடு என்று சொல்ல மரம் இல்லை. புல்வெளி என்று நினைத்துக் கால் வைத்தால் கணுக்கால்வரை கறுப்புச் சேற்றில் இறங்குகிறது. காற்றும் ஈரமும் முழங்கால் உயரப் புதருமாகக் கண்ணுக்கு எட்டியவரை ஒரே வெளி. ஆகஸ்ட் கடைசி என்பதால் ஹெதர் என்ற அந்தப் புதர் பூத்து, மலைச்சரிவெல்லாம் கத்தரிப்பூ நிறம். அதைப் பார்த்த ஐந்து நிமிடத்துக்குக் காசு நினைவே வரவில்லை.

முதல் எரிச்சல் ரயிலில். மான்செஸ்டர் பிக்காடில்லி நிலையத்திலிருந்து மலையடிவாரக் கிராமமான ஈடேலுக்கு முக்கால் மணி நேரம்; சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வண்டியில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம். நாங்கள் போவதற்குள் இரண்டு பேர் ஏற்றிவிட்டார்கள், ரயில் கார்டு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நிலையத்துக் காபிக்கு 4 பவுண்ட். காபி என்று பெயர்ப்பலகையில் இருந்ததால் நம்பிக் குடித்தேன்.

ஈடேலில் இறங்கியதும் பெனைன் வே பலகை. இங்கே தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி 268 மைல் ஓடும் புகழ்பெற்ற பாதை. இவ்வளவு பெரிய பாதையில் சைக்கிள் போகக்கூடாதா என்ன என்று உற்சாகமாக மிதித்து ஒரு வயலைக்கூடத் தாண்டவில்லை, எதிரே ஊன்றுகோலோடு வந்த மூதாட்டி நின்றுவிட்டார். திட்டவில்லை. வேலிக் கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்பைக் கோலால் தட்டிக் காட்டினார். “இது கால்களுக்கு. உங்களுக்கு நீல அம்பு. திரும்பிப் போய்ச் சாலையைப் பிடியுங்கள், பார்பர் பூத் கிராமம் வழியாகப் போனால் அப்பர் பூத்தில் இதே பாதையைப் பிடிக்கலாம். அங்கிருந்து ஓட்டலாம்.” திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நண்பன் பத்து வருடமாக இந்த நாட்டில் இருப்பவன், சைக்கிள் பைத்தியம். அவனுக்கே தெரியவில்லையா என்று கேட்டால், “தெரியும், உனக்கு ஒருமுறை பட்டால்தான் ஏறும்” என்கிறான். பிறகு சாலையோரம் நின்று விளக்கினான். மஞ்சள் அம்பு நடப்பவர் பாதை. அதில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்காது, ஆனால் அது அடுத்தவர் நிலத்தில் அத்துமீறல். நில உரிமையாளர் வெளியே போகச் சொல்லலாம், வழக்கும் போடலாம். நீல அம்பு பிரைடில்வே, அதாவது குதிரைப்பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளையும் அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும். நாம் அங்கே கடைசிச் சாதி என்றான்.

அப்பர் பூத்துக்கு அப்பால் கல் பாலம், அதைத் தாண்டினால் ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்து ஏற்றம். 18ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி தான் நேராக ஏறப் படி வெட்டிக்கொண்டு, குதிரையைச் சுற்றுவழியில் அனுப்புவாராம். சைக்கிளுக்கும் குதிரையின் சுற்றுவழிதான். ஓட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், முக்கால்வாசி தள்ளினேன். 45 பவுண்ட் கொடுத்து ஒரு சைக்கிளை மலைமேல் கூட்டிக்கொண்டு போனேன் என்பதே சரி.

பாதி ஏற்றத்தில் எதிரே இரண்டு குதிரைகள். நான் மரியாதையாக மூச்சடக்கி ஓரமாக நின்றேன். அதுதான் தப்பாம். “பேசுங்கள், எதையாவது பேசுங்கள்!” என்றார் முன்னால் வந்த பெண். அசையாமல், சத்தமில்லாமல் நிற்கும் உருவம் குதிரைக்குப் பதுங்கியிருக்கும் மிருகம் மாதிரி. குரல் கேட்டால்தான் மனிதன் என்று அடங்கும். பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ்தான்: “வா ராசா, போ ராசா.” குதிரை அமைதியாகப் போயிற்று.

உச்சிக் கணவாயில் ஈடேல் கிராஸ் என்ற பழைய கற்சிலுவை. அங்கிருந்து கிண்டர் மேட்டுக்கு ஏறும் பாதை மஞ்சள் அம்பு. பாதையை விட்டு அந்தத் திறந்த வெளியில் நடந்து திரியவும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. நடந்து மட்டும். சைக்கிளுக்கு அந்த உரிமை இல்லை. எங்களிடம் பூட்டு இல்லை, 200 பவுண்ட் முன்பணமோ கண்முன் நிற்கிறது. ஆகவே ஒருவன் காவல், ஒருவன் மேலே என்று முறைவைத்துப் போனோம். மேலே போனபோது தடைக்குக் காரணம் காலுக்கடியில் தெரிந்தது. பாசி மக்கி மக்கி உருவான பீட் மண் அது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒருபக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்ட். அந்த ஆலைப் புகையின் அமில மழையில் பாசி செத்து, மண் வெறுமையாகிக் கரைந்து ஓடியிருக்கிறது. இப்போது மறுபடி பாசி நட்டு ஆறவைக்கிறார்கள். அதில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் என்ன மிஞ்சும்? வசந்தத்தில் தரையிலேயே முட்டையிடும் பறவைகள் வேறு.

இறக்கம் மலையின் மறுபுறமுள்ள ஹேஃபீல்டு ஊர்ப் பக்கம். இதற்காகவே அந்த 45 பவுண்டைக் கொடுக்கலாம்! தேங்காய் அளவுக் கற்கள், கை முழுக்க அதிர்வு, முகத்தில் சாரல். நடப்பவர் தெரிந்ததும் வேகம் குறைத்து ஒரு ஹலோ. திறந்திருந்த வேலிக்கதவைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டோம். வழியில் பெரிய சேற்றுக்குட்டை ஒன்று. நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். “சுற்றிப் போகாதே, நடுவில் விடு!” என்று பின்னாலிருந்து நண்பன் கத்தினான். ஒவ்வொருவரும் ஓரத்தில் ஒதுங்கினால் பாதை அகன்று அகன்று வெளியைத் தின்றுவிடும் என்பது கணக்கு. நடுவில் விட்டேன். அந்த 15 பவுண்ட் சேறு இதுதான்.

கீழே பௌடன் பிரிட்ஜில் ஒரு கல்குவாரி, சுவரில் ஒரு நினைவுத் தகடு. 1932 ஏப்ரல் 24 அன்று இங்கே கூடித்தான் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறிக் கிண்டர்மேல் ஏறினார்கள். கௌதாரி வேட்டைக்கென்று பணக்காரர்கள் அடைத்துவைத்த மலை அது. ஐந்து பேருக்குச் சிறை. தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20, தண்டனை நான்கு மாதம். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று அவர் அன்று ஹேஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது சைக்கிளில்! அவர்கள் தொடங்கிவைத்த போராட்டத்தின் பலனாகக் கிடைத்த அந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் சைக்கிளுக்கு இடம் இல்லை. பீட் மண்ணைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் அந்தத் தகட்டின் முன் கொஞ்சம் கோபம் வந்தது.

கோபத்தை ஹேஃபீல்டு ஊருக்குள் ஒரு மதுக்கடையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற மாவுப் பண்டம் தீர்த்தது. மேலோடு மொறுமொறு, உள்ளே மிளகு தூக்கல், பக்கத்தில் குழைந்த பச்சைப் பட்டாணி, மேலே சுடச்சுடக் கிரேவி. 13 பவுண்ட். இந்த நாட்டில் நான் மனமாரக் கொடுத்த முதல் 13 பவுண்ட். சேற்றுக் காலோடு உள்ளே விட்டார்கள், துடைக்கத் துணியும் கொடுத்தார்கள், அதற்குக் காசு கேட்கவில்லை. பழைய ரயில்தடமான செட் வேலி டிரெயிலில் இரண்டரை மைல் உருட்டி நியூ மில்ஸ் வந்து ரயில் ஏறினோம்.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் திறந்த வெளியிலும் சைக்கிள் ஓட்டலாமாம். இரவு அங்கே போக ரயில் டிக்கெட் விலை பார்த்தேன். பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தேன்.