மருதமுனையை மருதமலை ஆக்கிய ஏஐ: ஒரு கைத்தறிக் கடையின் ஏழு மாதங்கள்

"தங்கச்சி, நீங்க எப்ப கோயம்புத்தூருக்கு மாறினீங்க?"

லண்டனில் இருந்து வந்த வொட்ஸ்அப் குரல் செய்தி இப்படித்தான் தொடங்கியது. பேசியவர் நாலைந்து வருடமாக எங்களிடம் சேலை வாங்கும் மட்டக்களப்பு அக்கா. அவரோடு வேலை செய்யும் ஒருவருக்கு இலங்கைக் கைத்தறிச் சேலை தேவைப்பட்டதாம். அக்கா எங்கள் கடைப் பெயரைச் சொல்ல, அவர் அதை ஒரு ஏஐ செயலியில் கேட்டிருக்கிறார். நாங்கள் தமிழ்நாட்டில், மருதமலைப் பக்கம், 1985இல் தொடங்கிய நிறுவனம் என்று அது அடித்துச் சொல்லிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே வந்தது.

நாங்கள் இருப்பது மருதமுனையில். அம்பாறை மாவட்டத்தில் கல்முனையைத் தாண்டி வடக்கே போனால் கடலோரம் வருகிற ஊர். சாரத்துக்கும் (லுங்கி) சேலைக்கும் பேர்போன நெசவூர். மருதமலை கோவைக்குப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிற மலை. கடை தொடங்கியது 2006இல். அதற்கு முன் வாப்பா இன்னொருவரிடம் கூலிக்கு நெய்தார். கடற்கரைப் பக்கம் இருந்த அந்தத் தறிகளை 2004 சுனாமி கொண்டுபோன பிறகுதான், கிடைத்த உதவியில் சொந்தமாக இரண்டு தறி போட்டார்.

ஸ்கிரீன்ஷாட்டை வாப்பாவிடம் காட்டினேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவர், கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, "ஊர்ப் பேரையே மாத்திட்டுதே மகள்" என்றார். சேலை விற்காமல் போனதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஊர்ப் பெயர் போனதுதான் அவருக்கு வலித்தது. எனக்கும்தான். அன்று இரவே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் என் போனிலேயே அந்தச் செயலியைத் திறந்து, "நீ சொல்வது பிழை, நாங்கள் மருதமுனை" என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டது. அடுத்த நாள் புதிதாகக் கேட்டபோது சரியாகச் சொன்னது. திருந்திவிட்டது என்று ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் சந்தோஷமாகச் சொன்னேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து தன் போனில் கேட்டான். மறுபடியும் மருதமலை. நான் சொன்னதை அது என் கணக்கின் நினைவில் மட்டும் குறித்துவைத்திருந்தது. எனக்கு ஒரு பதில், உலகத்துக்கு வேறு பதில். இந்த வேலையில் இறங்குகிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் கணக்கில் நீங்கள் கேட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். தற்காலிக உரையாடல் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்து கேளுங்கள், அல்லது கணக்கில் நுழையாமல் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டு, வாங்கினேன். ஒரு வருட வொட்ஸ்அப் செய்திகளை மேலே தள்ளித் தள்ளி, புதிய ஆட்கள் எங்களிடம் முதலில் என்ன கேட்டார்கள் என்று பார்த்து 12 கேள்விகளை எடுத்தேன். "இலங்கையில் நல்ல கைத்தறிச் சேலை எங்கே வாங்கலாம்?" "கல்முனைப் பக்கம் சாரம் நெய்கிற ஊர் எது?" "கனடாவுக்கு அனுப்புகிற இலங்கைக் கைத்தறிக் கடை இருக்கிறதா?" "கைத்தறியா மெஷின் தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" இப்படி. சில தமிழில், சில ஆங்கிலத்தில். கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டது ஒரேயொரு கேள்வி. வாடிக்கையாளருக்கு எங்கள் பெயர் தெரிந்திருந்தால் நேராக எங்களிடமே வந்திருப்பாரே.

ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் இரண்டு பதில் வரும். அதனால் மூன்று செயலிகளில், ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை கேட்டேன். மொத்தம் 108 பதில்கள். ராத்தா வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். இரண்டு இரவு எடுத்தது. எங்கள் பெயர் வந்ததா, ஊர் சரியா, சொன்னது உண்மையா, எந்தப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டியது, எங்களுக்குப் பதிலாக யாரைச் சொன்னது என்று ஐந்து நிரல்கள். முதல் மாதம் எங்கள் பெயர் வந்தது நாலு பதிலில். அதில் இரண்டு பிழை. இதைக் கண்காணிக்கவென்றே டொலரில் மாதக் கட்டணம் வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எங்களைப் போன்ற கடைக்கு அது தேவையே இல்லை. கொப்பி போதும்.

ஐந்து நிரலில் அதிகம் சொல்லித்தந்தது நாலாவது. ஆதாரமாக வந்தவை கொழும்புக் கடைகளின் ஆங்கிலப் பக்கங்கள், சுற்றுலாக் கட்டுரைகள், இந்திய இணையக் கடைகள். மருதமுனையில் இருந்து ஒரு பக்கம்கூட இல்லை. இத்தனை தறி ஓடுகிற ஊரில் ஏன் இல்லை? யோசித்தால், நாங்கள் எல்லோரும் பேஸ்புக்கிலும் வொட்ஸ்அப்பிலும்தான் கடை வைத்திருக்கிறோம். பேஸ்புக் பக்கத்தைக் கணக்கில் நுழையாமல் முழுதாகப் பார்க்க முடியாது, வொட்ஸ்அப் முழுக்கவே மூடியது. அங்கே பத்து வருடமாக நாம் போட்ட படமும் விலையும் விளக்கமும் ஏஐக்குப் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற சாமான்.

ஏஐ பதில் சொல்வதற்கு இரண்டு வழி உண்டு என்று தம்பி விளக்கினான். ஒன்று, பயிற்சியின்போது படித்து மனதில் வைத்தது. அது ஒரு திகதியோடு நின்றுவிடும், நாம் இன்று திருத்தினால் இன்று மாறாது. மற்றது, கேள்வி வந்ததும் இணையத்தில் தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்துச் சொல்வது. சாட்ஜிபிடியில் இந்தத் தேடல் 2024 ஒக்டோபர் கடைசியில் வந்தது. கூகுள் தேடலின் மேலே ஏஐ சுருக்கம் அமெரிக்காவில் அதே வருடம் மே மாதம் தொடங்கியது. நம்மால் கை வைக்க முடிகிற இடம் இந்த இரண்டாவது வழி.

சரி, என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

பெயரில் தொடங்கினோம். எங்கள் கடைப் பெயரில் 'தறி' என்ற சொல் வருகிறது. அந்த இரண்டு எழுத்தை நாங்களே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருந்தோம். பேஸ்புக்கில் டி, எச் இரண்டும் போட்டு, இன்ஸ்டாகிராமில் எச் இல்லாமல், கூகுள் வரைபடத்தில் ஆர் இரண்டு போட்டு, பில் புத்தகத்தில் கடைசியில் ஈ இரண்டு போட்டு. ஊர்ப் பெயருக்கும் இதே கதி. மனிதர் பார்த்தால் ஒரே கடை என்று விளங்கிக்கொள்வார். இயந்திரத்துக்கு நாங்கள் நாலு பேர், நாலு பேரைப் பற்றியும் அதற்குப் போதிய தகவல் இல்லை. தறி என்று பெயர் வைத்த கடைகள் தமிழ்நாட்டிலும் இருப்பதால், பக்கத்தில் கிடைத்த ஊரில் எங்களைக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லா இடத்திலும் மாற்றினோம். அதோடு "மருதமுனை, அம்பாறை மாவட்டம், இலங்கை" என்பதைப் பெயரை விட்டுப் பிரியாமல் ஒட்டிவைத்தோம்.

அடுத்து இணையத்தளம். மூன்று வருடத்துக்கு முன் ஒருவரைக் கொண்டு செய்த தளம் ஒன்று இருந்தது. பார்வைக்கு நல்ல வடிவு. தம்பி உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது உலாவிக்குள் ஓடிப் பக்கத்தை உருவாக்கும் நிரலை, நிறுத்திவிட்டுத் திறந்தான். வெள்ளைத் தாள். ஒரு எழுத்துக்கூட இல்லை. ஏஐக்காகப் பக்கங்களைப் படித்துப் போகும் ரோபோக்களில் பெரும்பாலானவை ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. அவற்றுக்கும் அந்த வெள்ளைத் தாள்தான் தெரிந்திருக்கும். சேலையின் பெயர், நீளம், விலை எல்லாம் படத்துக்குள் பதித்த எழுத்து. உங்கள் தளத்திலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு. ரோபோக்களுக்கு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று பெரும்பாலான தளங்களில் இருக்கும். ரோபோட்ஸ் கோப்பு என்பார்கள், 1994இல் இருந்து உள்ள வழக்கம். எங்கள் கோப்பில் ஏஐ ரோபோக்கள் அத்தனைக்கும் தடை போட்டிருந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. தடையை எடுக்க முதல் நாங்கள் கொஞ்சம் பேசினோம். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் படிக்கும் ரோபோ வேறு, ஜிபிடிபாட். தேடலுக்குப் படிக்கும் ரோபோ வேறு, ஓஏஐ சர்ச்பாட். ஒன்றை மறித்து மற்றதை விடலாம். டிசைன் களவு போகும் என்று ராத்தா பயந்தாள், அந்தப் பயம் நியாயமானது. கடைசியில் வாப்பா சொன்னதுதான் முடிவு: "ஊரைப் பத்திப் படிக்கட்டும். படிச்சாத்தானே சொல்லும்." இரண்டையும் திறந்துவிட்டோம். புதிய டிசைன் படங்களை மட்டும் தளத்தில் போடாமல், கேட்பவருக்கு வொட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

தளத்தைச் சாதாரணப் பக்கங்களாகத் தம்பி மாற்றி எழுதினான். பொருள், விலை, முகவரியை இயந்திரம் பிரித்தறியும் ஸ்கீமா குறிப்புகளை ஒரே மாலையில் சேர்த்தான். கூகுளோடு நிற்காமல் மைக்ரோசொஃப்டின் தேடுபொறியான பிங்கிலும் தளத்தைப் பதிந்தோம், சாட்ஜிபிடி தேடும்போது பிங் போன்ற சேவைகளையும் பயன்படுத்துவதால். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம் ஒரு தெரு தள்ளி இருந்தது, அதையும், யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பையும் சரிசெய்தோம்.

இவையெல்லாம் கதவைத் திறக்கிற வேலை. உள்ளே வருபவருக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். பழைய தளத்தில் இருந்த வாசகங்கள் "உயர்தரம்", "பாரம்பரியம்", "நம்பிக்கை" என்ற வகை. கொழும்புக் கடையும் இதைத்தான் எழுதுகிறது, கோவைக் கடையும் இதைத்தான் எழுதுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு 2023இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத் தம்பி காட்டினான். எண்ணும் மேற்கோளும் ஆதாரமும் உள்ள பக்கங்கள் ஏஐ பதில்களில் கூடுதலாக இடம்பிடிப்பதாகவும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதால் பயன் இல்லை என்றும் அதில் கண்டிருந்தார்கள்.

எனவே வாப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கைத்தறி என்று ஒருவர் எப்படி அறிவது என்று கேட்டேன். நெய்துகொண்டிருந்த சேலையின் கரையை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் வரிசையாக ஊசிமுனைத் துளைகள். நெய்யும்போது துணி உள்ளே சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கட்டையில் முனையில் ஊசிகள் இருக்கும், அது பதிந்த தடம். நெய்ய நெய்யக் கட்டையைக் கழற்றி முன்னே தள்ளிப் போடுவதால் தடமும் கரை நெடுக வரும். "இதைக் குறை எண்டு திருப்பித் தந்த ஆக்களும் இருக்காங்க" என்றார். நான் பிறந்ததில் இருந்து பார்க்கிற துணி. அந்தத் துளைகளை அன்றுதான் பார்த்தேன்.

அதை அப்படியே எழுதினேன், கிட்டத்தில் எடுத்த படத்தோடு. தலைப்பு, ஆட்கள் கேட்கிற கேள்வியேதான். முதல் இரண்டு வரியில் பதில், பிறகு விளக்கம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இதேபோல மருதமுனை எங்கே இருக்கிறது, ஒரு சேலைக்கு எத்தனை நாள், முதல் தடவை எப்படிக் கழுவுவது, வெளிநாட்டுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று ஒன்பது பக்கங்கள் எழுதினேன்.

இடையில் ஒருவர் தொலைபேசியில் வந்தார். மாதம் 45,000 ரூபா கொடுத்தால் மூன்று மாதத்தில் எல்லா ஏஐயிலும் முதலிடம் உறுதி என்றார். எப்படி என்று குடைந்து கேட்டால், ஐம்பது பொய் மதிப்புரையும், நாங்களே எங்களைப் புகழும் "சிறந்த பத்துக் கடைகள்" பட்டியல்களும். முடியாது என்று சொன்னேன். யாரும் முதலிடத்தை உறுதியாகத் தர முடியாது, அதுவும் ஒவ்வொரு தடவையும் மாறுகிற பதிலில். எங்களைப் பற்றிப் பொய் வந்ததால்தான் இந்த வேலையே தொடங்கியது, அதைப் பொய்யால் எப்படித் திருத்துவது? அதற்குப் பதிலாகப் பழைய வாடிக்கையாளர்களிடம், வாங்கியது என்ன, எப்படி இருந்தது என்று விவரமாக எழுதித் தரக் கேட்டேன். நிறம் கொஞ்சம் போனது என்றும் ஒருவர் எழுதினார். அதையும் வைத்திருக்கிறோம், கீழே எங்கள் பதிலோடு.

இரண்டு மாதம் ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் மாதம் மெஷின் தறிக் கேள்விக்கு ஒரு செயலி ஊசித்துளை விஷயத்தைச் சொல்லி, எங்கள் பக்கத்தை ஆதாரமாகக் காட்டியது. ராத்தா கொப்பியைப் போட்டுவிட்டு வாப்பாவைக் கூப்பிட ஓடினாள். நாலாம் மாதம், தேடிச் சொல்கிற பதில்களில் மருதமலை மறைந்தது. ஏழாம் மாதக் கணக்கில் 108இல் 31 பதில்களில் எங்கள் பெயர் இருக்கிறது, 27 முழுக்கச் சரி. சாட்ஜிபிடியில் இருந்து வருபவரின் இணைப்பில் அதன் பெயர் வால்போல ஒட்டி வரும், அதை வைத்து எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் பார்க்கிறோம். எண்ணிக்கை சிறிது. ஆனால் வருபவர்கள் கேள்வி கேட்பதில்லை, அளவும் முகவரியும் அனுப்புகிறார்கள்.

தமிழ்க் கேள்விகள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. தமிழில் கைத்தறிச் சேலை என்று கேட்டால் காஞ்சிபுரத்துக்கே ஓடுகிறது. தேடாமல் நினைவில் இருந்து சொல்கிற பதிலில் 1985ஆம் ஆண்டும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கண்ட இடத்திலெல்லாம் பிழை என்று குறித்து அனுப்புகிறோம்.

போன சனிக்கிழமை "கல்முனைப் பக்கம் சாரம் நெய்கிற ஊர் எது?" என்ற கேள்விக்கு மூன்று செயலியும் மருதமுனை என்றன. ஒன்று எங்கள் பெயரைச் சொன்னதோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமாவின் தறிக்கூடத்தையும் சொன்னது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அவரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியில் இருந்து எடுத்திருக்கிறது. வாப்பா போனை வாங்கிக்கொண்டு அவரிடம் காட்டப் போனார். மாமாவுக்கு இணையத்தளமும் இல்லை, வரைபடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. வருகிற வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு தம்பியும் நானும் அங்கே போகிறோம். அவருடைய ஆறு தறியையும் படமெடுத்து, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வர வேண்டும்.